அப்பன் கையில் பிரம்பு

ஜூன் 12, புதன்

மூன்று நாள் பயிற்சி இன்றோடு தொலைந்தது. மாவட்டத்தில் இருக்கிற அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் அத்தனை பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, திரையில் படம் காட்டி, நாங்கள் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்ன பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. 'பிள்ளையை அடிப்பது ஒழுங்கு இல்லை, வன்முறை' என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சொல்லித் தருகிறாள். என்னிடம் அடி வாங்கியவர்களில் ஒருத்தன் தாசில்தார், ஒருத்தி ஸ்டாஃப் நர்ஸ். போய் அவர்களைக் கேட்கட்டும்.

புது ஏற்பாடு இதுதான். ஆசிரியரோ பணியாளரோ பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கே சஸ்பெண்ட், தலைமை ஆசிரியரும் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் யாரும் நிரந்தரமாக ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, வாரா வாரம் இடம் மாற்ற வேண்டும். சண்டை என்றால் கவுன்சலரைக் கூப்பிட வேண்டும். பதினாலு பள்ளிக்கு ஒரே ஒரு கவுன்சலர்தான் இருக்கிறார் என்பது வேறு விஷயம். எல்லாப் பிரச்சினையையும் 'பெற்றோர் பங்களிப்போடு' தீர்க்க வேண்டும். இதையெல்லாம் படித்துக்கொள்ள ஒரு கையேடு, ஒரு டேப்லெட், ஒரு துணிப்பை. துணிப்பை கெட்டியாக இருக்கிறது, காய்கறி வாங்க ஆகும்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்க மறந்து டேங்க் வழிந்து வாசல் பூராவும் வெள்ளம். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷனுக்கு ஒரு சுவிட்சை அணைக்கத் தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பள்ளியில் இருந்த பிரம்புகளையெல்லாம் திரட்டிக் கொண்டுவரச் சொன்னேன். பி.டி. மாஸ்டர் ஜெபஸ்டின் விறகுக் கட்டு மாதிரி கொண்டுவந்து என் அறையில் போட்டார்.

"இனிமே இந்தப் பயலுவள என்னத்த வச்சு மேய்க்கது டீச்சர்?"

"கொண்டுபோய் எரிங்க சார்" என்றேன். என் பிரம்பை மட்டும் பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன். கைக்குப் பழகின பொருள்.

காலைக் கூட்டத்தில் 'இனி இந்தப் பள்ளியில் யாரும் உங்களை அடிக்க மாட்டார்கள்' என்று அறிவித்தேன். ப்ளஸ் ஒன் பையன்கள் கைதட்டினார்கள். விசில் வேறு. அப்போதிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

ஜூன் 24, திங்கள்

பத்தாம் வகுப்பில் ரித்தீஷ் என்கிற பையன் முன் பெஞ்சுக்காரன் தொடையில் காம்பஸைச் சொருகிவிட்டான். முனை உள்ளே போய் எலும்பில் நின்றது. காரணம் என்னவென்றால் ரப்பர் கேட்டானாம், தரவில்லையாம். குத்துப்பட்டவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, குத்தினவனை என் முன்னால் நிறுத்தினேன். அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்! 'உன்னால் என்ன செய்ய முடியும்' என்கிற சிரிப்பு. என் உள்ளங்கை அப்படித் தினவெடுத்தது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஆசிரியர் அடிக்கக் கூடாது, சரி. பெற்றோர் பங்களிப்பு வேண்டும், அதுவும் சரி. லாரி ஓட்டுகிற அவன் அப்பாவை வரச்சொன்னேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து பிரம்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நான் தொட்டா கேஸு. உங்க பிள்ளை, நீங்க தொடலாம்."

மனுஷன் பிரம்பை எடுத்தார். பையன் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அடித்து முடித்து, மூச்சு வாங்க என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டமும் கெடவில்லை, பையனுக்கும் புத்தி வந்தது. இந்த யோசனை அந்த மைக் பிடித்த பெண்ணுக்கு வருமா?

ஜூலை 5, வெள்ளி

பள்ளி கோயில் மாதிரி இருக்கிறது. 'அப்பாவைக் கூப்பிடவா?' என்று கேட்டாலே போதும், வகுப்பு அடங்கிவிடுகிறது. செல்போன் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை அவள் அம்மா இங்கேயே செருப்பால் சாத்தினாள். ஒரு அப்பா பையனின் போனைப் பையன் தலையிலேயே அடித்து உடைத்தார். உடைந்தது போன்தான்.

நேற்று வட்டாரக் கூட்டத்தில் அதிகாரி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எங்கள் பள்ளியிலிருந்து மட்டும் ஒரு புகாரும் வரவில்லையாம். டீ இடைவேளையில் இரண்டு தலைமை ஆசிரியர்கள் வந்து ரகசியத்தைக் கேட்டார்கள். சொன்னேன். ஒருத்தர் போகிற வழியிலேயே பிரம்பு வாங்கப் போவதாகச் சொன்னார்.

சகாயமேரிக்குத்தான் பொறுக்கவில்லை. தமிழ் நடத்துகிற டீச்சர், பதினொன்றாம் வகுப்பு அவள் பொறுப்பு. "வீட்ல அடிச்சா புள்ளைக்குப் பள்ளிக்கூடமாவது இருக்கும் டீச்சர். இங்கயும் வச்சு அடிச்சா அது எங்க போவும்?" என்று கேட்கிறாள். "போர்ஷனை முடிச்சீங்களா நீங்க?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இன்று தோசை மாவு புளித்துப்போயிற்று. இவர் பிரிட்ஜில் வைக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது கரண்டி கை தவறி இவர் நெற்றியில் பட்டுவிட்டது. கை தவறியதுதான். இரண்டு தையல். கதவு நிலையில் இடித்துக்கொண்டதாக டாக்டரிடம் அவரே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்.

ஜூலை 18, வியாழன்

இந்த இடம் மாற்றுகிற கூத்து வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். கையேட்டில் இருக்கிறதே என்று சகாயமேரி இந்த வாரம் பதினொன்றாம் வகுப்பில் மாற்றிவிட்டாள். மேலத்தெரு ஹரிபாலன் பக்கத்தில் கீழத்தெரு மாதேஷ் உட்கார வேண்டியதாயிற்று. இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஹரிபாலனின் அப்பா ஆறுமுகநயினார் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். சுற்றுச்சுவர் அவர் கட்டிக் கொடுத்தது. போன வருஷம் எனக்கு வந்த மாற்றலை நிறுத்திக் கொடுத்ததும் அவர்தான். மாதேஷின் அப்பா பேச்சிமுத்து அவருடைய வாழைத்தோட்டத்தில் தார் சுமக்கிறவர்.

மதியம் சத்துணவுச் சாம்பாரை ஹரிபாலன் மாதேஷ் உட்காரும் இடத்தில் ஊற்றியிருக்கிறான். "நக்கிட்டு உக்காருல" என்றானாம். மாதேஷ் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூஞ்சியில் இறக்கிவிட்டான். மூக்கெலும்பு உடைந்து சட்டை முழுக்க ரத்தம், கரும்பலகை வரைக்கும் தெறித்திருந்தது. நான் போவதற்குள் ஹரிபாலனோடு சேர்ந்த நாலு பேர் மாதேஷைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு அப்பாக்களையும் கூப்பிட்டேன். ஆறுமுகநயினாருக்கு நாற்காலி போடச் சொன்னேன். பேச்சிமுத்து நின்றே பழகியவர். நான் நியாயமாகத்தான் பேசினேன். "ஆளுக்கு ஒரு பிள்ளை, ரெண்டும் தப்பு பண்ணிருக்கு. அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க கண்டிச்சிருங்க. இதோட விஷயம் முடிஞ்சது. டி.சி. கிடையாது, போலீஸ் கிடையாது."

ஆறுமுகநயினார் பிரம்பை வாங்கி, மூக்கில் பஞ்சு வைத்திருந்த மகன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். தூசி தட்டுகிற மாதிரி. பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிறகு பேச்சிமுத்து எடுத்தார். அப்படி ஒரு அடியை நான் பார்த்ததில்லை. நானே எவ்வளவோ அடித்திருக்கிறேன். முதுகு, கால், தோள் என்று எங்கே படுகிறது என்றே பார்க்கவில்லை அந்த ஆள். ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி ஆறுமுகநயினார் முகத்தைப் பார்ப்பார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். உடனே அடுத்த அடி. பையன் குனிந்தபோது முடியைப் பிடித்து நிமிர்த்தி, பிரம்பைப் போட்டுவிட்டு, வெறுங்கையால் கன்னத்தோடு சேர்த்து அறைந்தார். பையன் போய் பீரோவில் மோதினான். அப்புறம் காலால் உதைத்தார். கடைசியில் ஆறுமுகநயினார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி சரி, விடும்வே" என்று எழுந்தார்.

நான் உடனே போதும் என்று சொன்னேன். பேச்சிமுத்துவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மாதேஷ் காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

ஹரிபாலன் வந்தான், மூக்கில் கட்டோடு. மாதேஷ் வரவில்லை.

ஜூலை 22, திங்கள்

சகாயமேரி மாதேஷ் வீட்டுக்குப் போய்விட்டு வந்து என் முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையனுக்கு இடது காது கேட்கவில்லையாம். ஜவ்வு கிழிந்து உள்ளே எலும்பும் நகர்ந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இனிமேல் அந்தக் காது அவ்வளவுதான். எப்படி ஆனது என்று கேட்டதற்கு சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று பேச்சிமுத்து சொல்லியிருக்கிறார்.

"நான்தான் அப்பவே போதும்னு சொன்னேனே" என்றேன்.

"நான் ஜன்னல்கிட்ட நின்னேன் டீச்சர். நீங்க ஒண்ணுமே சொல்லல."

ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கு எப்படிக் கேட்கும்? ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. என் அறையில் நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 25, வியாழன்

கேட்டே விடுவது என்று கீழத்தெருவுக்குப் போனேன். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது இன்றுதான். மாதேஷ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. திமிர் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தக் கேட்காத காது மேலே இருக்கிறது என்று புரிந்தது.

பேச்சிமுத்துவை வெளியே கூட்டிவந்து பிடிபிடியென்று பிடித்தேன். "மனுஷனாய்யா நீ? பெத்த பிள்ளையை அப்படியா அடிப்பாக? கண்டிங்கன்னு சொன்னா கொல்லப் பாக்குறதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். நான் மூச்சு விட நிறுத்தியபோது மெதுவாகப் பேசினார்.

"நான் அடிச்சதுல ஒரு காதுதான் போச்சு டீச்சர். அவிய அடிச்சிருந்தா ஆளே போயிருப்பான்."

தலையை நிமிர்த்தாமலே தொடர்ந்தார்.

"பெரிய முதலாளி மூஞ்சி தெளியுற வரைக்கும் நான் அடிக்கணும்லா? பாதியில விட்டா, பத்தாதுன்னு ராத்திரி ஆளு வரும். எங்க அண்ணன் மவனுக்கு அப்படித்தான வந்துச்சு. நீங்க நடுவுல ஒரு வார்த்த சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க சொன்னா அவியளும் சரின்னுருப்பாவ. உங்க ரூமுலா அது." துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்கிடாதிய டீச்சர். படிக்க மட்டும் வச்சிருங்க அவன. டி.சி. கிடையாதுன்னு சொன்னிய. அதுக்குத்தான் அடிச்சேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. இவர் என்ன என்று கேட்டார். தட்டை நகர்த்தத்தான் கையைத் தூக்கினேன், இவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் இவர்?

நான் அன்றைக்குப் போதும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன். மனசுக்குள் சொல்லியிருப்பேன்.

ஜூலை 31, புதன்

மாதேஷ் வந்துவிட்டான். காதில் பஞ்சு. பையன்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. இடது பக்கமாகப் பின்னால் போய்க் கைதட்டுகிறார்கள், கெட்ட வார்த்தை சொல்கிறார்கள், அவன் திரும்பவில்லை என்றதும் கும்பலாகச் சிரிக்கிறார்கள். இன்று எவனோ சின்னக் கல்லை எறிந்து பிடரியில் ரத்தம். யார் எறிந்தது என்று கேட்டால் ஒருத்தன் வாய் திறக்கவில்லை. கணக்கு வாத்தியார் கூப்பிட்டு அவன் எழுந்திருக்கவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். அந்த மனுஷனுக்கு விஷயத்தைச் சொல்லி, நாலு ஏச்சும் ஏசி, பையனை உள்ளே உட்காரவைத்தேன்.

வலது காது வாத்தியார் பக்கம் இருக்க வேண்டுமென்றால் அவன் முன் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார முடியும். சகாயமேரி அங்கே உட்காரவைத்தாள். இந்த வார மாற்றத்தில் பக்கத்தில் மறுபடியும் ஹரிபாலன். மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "யாரை மாத்துறது டீச்சர்?" என்றாள்.

பேச்சிமுத்துவை வாழைத்தோட்ட வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று ஆயாம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஹரிபாலன் மாதேஷைப் பெஞ்சிலிருந்து உதைத்துத் தள்ளிவிட்டான். மாதேஷ் எழுந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தான். மறுபடியும் தள்ளினான். மறுபடியும் உட்கார்ந்தான். திருப்பி ஒரு விரல்கூட நீட்டவில்லை என்று வகுப்பே சொல்கிறது. ஹரிபாலனின் அப்பாவைக் கூப்பிட வேண்டும். போனைக் கையில் எடுத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். நாளைக்கு அவசியம் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இடது கையால் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. எழுத்து ஆடுகிறது. நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்குத் தோதாக மாற்றி எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது பீரியடில் ஆறுமுகநயினார் வந்தார். நான் கூப்பிடவில்லை. கூட நாலு பேர். நடுவில் பேச்சிமுத்து. சட்டைப் பொத்தான் அறுந்து, உதடு கிழிந்து, ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. வழியிலேயே ஒரு கை பார்த்துத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள்.

"இவன் மவன் என் மவன் பக்கத்துலயே உக்காருவேன்னு அடம் பிடிக்கானாம்லா" என்று ஆறுமுகநயினார் உட்கார்ந்தார். நாற்காலியை நான் போடவில்லை, அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் போலீசு, அடிதடின்னு போற ஆளு இல்ல டீச்சர். உங்க முறை எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பன் கையில பிரம்பக் குடுங்க. அதுக்கும் அடங்கலன்னா அப்பனே டி.சி. எழுதிக் கேப்பான்."

"சார், பையனுக்குக் காது கேக்கல. அதுக்காகத்தான் அங்க உக்காத்தி வச்சிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது எங்க குத்தமா? அவன் அப்பன் அடிச்சது. நான் ரெண்டு தட்டு தட்டுனேன். நீங்க தொடவே இல்ல. யாராவது இல்லன்னு சொல்லட்டுமே."

கூட வந்தவர்களில் ஒருத்தன் வகுப்புக்குப் போய் மாதேஷின் காலரைப் பிடித்து இழுத்துவந்தான். சகாயமேரி பின்னாலேயே ஓடிவந்தாள். அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இன்னொருத்தன் தானாகவே பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுப் பிரம்பை எடுத்தான். அது எங்கே இருக்கும் என்று இப்போது ஊருக்கே தெரிந்திருக்கிறது. பேச்சிமுத்து கையில் திணித்தான்.

பேச்சிமுத்து பிரம்பை வாங்கிக்கொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார். முதல் அடி தோளில் விழுந்தது. பையன் அசையவில்லை. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது மாதேஷ் தானாகத் திரும்பி, பஞ்சு வைத்த காதை அப்பாவுக்குக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தப் பக்கமே அடிப்பா. இதுதான் ஏற்கெனவே போயிட்டே."

அழுகை இல்லை, கோபம் இல்லை. எந்தப் பக்கம் பையை மாட்டுவது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். பேச்சிமுத்துவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கை இறங்கவில்லை, ஓங்கினபடியே இருந்தது. பின்னால் நின்றவன் அவர் பிடரியில் ஒரு குத்து விட்டான். "அடிய்யா!"

கை இறங்கியது. நான் எப்படி மேஜையைச் சுற்றி வந்தேன் என்று தெரியவில்லை. அடி என் இடது மணிக்கட்டில் விழுந்தது. அம்மாடி, என்ன வலி! உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எத்தனை பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்திருக்கிறேன், எனக்கு இது எப்படி இருக்கும் என்றே தெரியாது.

"போதும்" என்றேன். சத்தமாகத்தான். வராந்தாவரை கேட்டிருக்கும்.

பேச்சிமுத்து பிரம்பைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ஆறுமுகநயினார் எழுந்தார். "டீச்சர், யோசிச்சுப் பேசுங்க. ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருசம் இருக்கு. வெளிய தெரிஞ்சா இந்தப் பேச்சிமுத்துதான் உள்ள போவான். பெத்த பிள்ளை காதச் செவிடாக்குனவன். நீங்க என்ன சொன்னாலும் அடிச்சது அவன் கை."

அவர் சொன்னது நிஜம். அதுதான் நான் கண்டுபிடித்த முறையின் அழகு. அடித்தவன் மாட்டுவான், பார்த்தவர்கள் சுத்தம்.

பையனை என் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டேன். மேஜையிலிருந்த போனை எடுத்தேன். ஒருத்தன் பிடுங்க வந்தான். "தொட்டுப் பாருல!" என்று கத்தினேன். இத்தனை வருஷம் பிள்ளைகளை மிரட்டின குரல், அவனும் ஒரு காலத்தில் எங்கேயோ ஒரு டீச்சரிடம் படித்தவன்தானே, நின்றுவிட்டான். சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகள் உதவி எண்ணைப் பார்த்து அழுத்தினேன். சின்னப் பெண்ணின் குரல் வணக்கம் சொன்னது.

"அரசு மேல்நிலைப் பள்ளி, பாறைக்குளம். இங்க ஒரு பையனைக் காது போற அளவுக்கு அடிச்சாச்சு. இன்னைக்கும் அடி நடக்குது. உடனே வாங்க."

"பையன் இப்ப பாதுகாப்பா இருக்கானா மேடம்?"

"எனக்குப் பின்னால நிக்கான்."

"யார் அடிக்கிறாங்க மேடம்? அப்பாவா?"

சுவரோரம் பேச்சிமுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

"இல்ல. தலைமை ஆசிரியை."

"அவங்க பேர் சொல்ல முடியுமா?"

"மங்கையர்க்கரசி. நான்தான் பேசுறேன்."